டீலரே போட்டுத் தரும் பெயிண்ட் கோட்டிங்: 22,000 ரூபாய்க்குத் தகுமா?

புளியரைக்காரன் (செங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடம் ஓட்டிய காரைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கிறேன். நாலு மீட்டருக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டி, வெள்ளை நிறம். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியபோது இவ்வளவு மிச்சம் என்று வீட்டில் பெருமை பேசியவன் நான். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை இப்போது ஷோரூம்காரர் கேட்கிறார்.

விலைப்பட்டியலின் கடைசி வரியில் 'பெயிண்ட் புரொடெக்ஷன் பேக்கேஜ் 22,000' என்று இருந்தது. உடைத்துச் சொல்லச் சொன்னேன். மேலே செராமிக் கோட்டிங் 15,000, அடியில் துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புக் கோட்டிங் 4,500, உள்ளே சீட்டுக்கு ஏதோ ஸ்பிரே 2,500. "சார், நம்ம பக்கத்து மழைக்கு இது இல்லேன்னா ரெண்டே வருஷத்துல பெயிண்ட் செத்துடும்" என்கிறார்.

என் நிலைமை இது. மாமனார் வீடு புனலூர். வாரம் ஒருமுறையாவது ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய்வருவேன். ஜூன் பிறந்தால் அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் சாரல். வண்டி நிற்பது வாசலில் மாமரத்தடியில். கழுவுவது போர் தண்ணீரில். போடலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பட்டறைவாசி (புனலூர்)

முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிப்பவன் நான். தம்பி, வாங்குவதற்கு முன்னால் உங்கள் வண்டித் தகரத்தின் மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பெனியில் முதலில் பாஸ்பேட் கழுவல். அப்புறம் வண்டிக் கூட்டை முழுசாக ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பூச்சை ஒட்டவைப்பார்கள். ஈடி கோட் என்போம். இடுக்கு, பொந்து எல்லாவற்றிலும் அது ஏறிவிடும். துருவைத் தடுக்கும் பெரிய வேலையைச் செய்வது அதுதான். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 130 மைக்ரான் இருக்கும். உங்கள் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக மொத்தம் இரண்டு முடி கனம்கூட இல்லை. அதில் கிளியர் மட்டும் 35, 40, மிஞ்சினால் 50.

செராமிக் என்பது சிலிக்கா கலந்த ஒரு திரவம். பூசிக் காய்ந்த பிறகு ஒன்றிரண்டு மைக்ரான் நிற்கும். அதற்கு ஒரு குணம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், சேறு அவ்வளவாக ஒட்டாது, கழுவுவது சுலபம், பளபளப்பும் கொஞ்ச நாள் நிற்கும். ஆனால் கல் தெறித்தால் தாங்காது, பைக் ஓட்டுபவன் ஹேண்டிலால் உரசினால் தாங்காது. ஒன்றிரண்டு மைக்ரானிடம் போய் அதைக் கேட்பது நியாயமும் இல்லை.

'9எச் கடினம்' என்று சொல்லி ஒரு வீடியோ காட்டுவார்களே, லைட்டரால் கீறுவது, சாவியால் இழுப்பது. அந்த 9எச் பென்சில் கணக்கு. வரைபடக்காரர்கள் வைத்திருக்கும் 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழவில்லை என்று அர்த்தம். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. நம் ரோட்டு மணலில் இருக்கும் படிகக் கல் அதைவிடக் கெட்டி. அழுக்குத் துணியில் அந்த மணல் ஒரு சிட்டிகை இருந்தால் போதும், 9எச்சும் போச்சு கிளியரும் போச்சு.

---

பழைய அக்ஸசரி பையன் (கொழிஞ்சாம்பாறை)

அண்ணாச்சி சொன்னது பொருளைப் பற்றி. நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஷோரூமில் மூன்று வருடம் அக்ஸசரி பிரிவில் இருந்தேன், இதே பேக்கேஜை விற்றவன்தான்.

செராமிக்கை ஒழுங்காகப் போடுவதென்றால் முதலில் வண்டியைக் கழுவ வேண்டும். பிறகு களிமண் கட்டி என்று ஒன்று உண்டு, அதை வழுக்கலாகத் தேய்த்து ஒட்டியிருக்கும் பிசிறுகளை எடுக்க வேண்டும். பிறகு மெஷின் பாலிஷ். பிறகு ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பு. அதற்கப்புறம்தான் பாட்டிலையே திறக்க வேண்டும். ஒவ்வொரு தகடாகப் பூசி, சரியான நேரத்தில் துடைத்து எடுத்து, ஒரு நாளாவது தண்ணீர் படாமல் உள்ளே நிறுத்த வேண்டும். முழு வாரம் ஷாம்பு போடக்கூடாது. தெரிந்தவன் செய்தால் ஒன்றரை நாள், இரண்டு நாள் வேலை.

நாங்கள் என்ன செய்தோம்? காலை பத்தரைக்குப் பணம் கட்டுவார்கள். மூன்று மணிக்கு முன் பூஜை போட்டு வண்டியைக் கொடுத்தாக வேண்டும், செவ்வாய்க்கிழமையானால் மூன்றுக்கு ராகுகாலம் வேறு. மற்ற வேலைகள் போக நடுவில் கிடைப்பது முக்கால் மணி நேரம். யார்டில் இரண்டு மாதம் வெயிலில் நின்ற வண்டியை வாட்டர் சர்வீஸ் பையன் கழுவுவான். அவன் கையில் ஒரு பச்சைத் துணி. அதே துணிதான் காலையிலிருந்து எட்டு வண்டிக்கு. கீழே விழும், எடுத்து உதறுவான், மறுபடி துடைப்பான். அதற்கு மேலே நாங்கள் பாட்டிலைத் தடவுவோம். டியூப் லைட் கீழே நின்று பானெட்டைச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல் தெரியும். அதை உள்ளே வைத்துப் பூட்டிக் கொடுப்பதற்குத்தான் வாடிக்கையாளரிடம் பணம்.

பாட்டில் விலையைச் சொன்னால் வயிறு எரியும், விடுங்கள். கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. இன்சூரன்ஸ், அக்ஸசரி, கோட்டிங் இவற்றில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. எங்களுக்கும் ஒரு பேக்கேஜுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. முதலில் டெஃப்லான் என்ற பெயரில் விற்றோம். தோசைக்கல்லில் அந்தப் பூச்சை 300 டிகிரிக்கு மேல் சுட்டு ஒட்டுகிறார்கள், நாங்கள் கையால் தேய்த்து ஒட்டினோம். அப்புறம் செராமிக் வந்தது. இப்போது கிராஃபீன் என்கிறார்கள். துணி மட்டும் மாறவில்லை.

---

கறுப்பு வண்டி (பாலக்காடு)

எல்லோரும் சேர்ந்து அடித்தால் எப்படி? நான் போட்டிருக்கிறேன், எனக்குத் திருப்திதான். ஆனால் டீலரிடம் இல்லை. வண்டி எடுத்து இரண்டாவது வாரம் வெளியே ஒரு டீட்டெயிலிங் கடையில் 26,000 கொடுத்தேன், இரண்டு நாள் வைத்திருந்தான். மூன்று வருடம் ஆகப் போகிறது. கறுப்பு வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும், வாளையார் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் எவ்வளவு புழுதி படியும் என்று. முன்பு ஒரு மணி நேரம் கழுவுவேன், இப்போது இருபது நிமிடம்.

முன்னைப் போலத் தண்ணீர் உருளுவதில்லை என்பது உண்மை. இரண்டாவது வருட மத்தியிலேயே பக்கவாட்டில் குறைந்துவிட்டது. ஆனாலும் நேரம் மிச்சம். பணத்தை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

---

பட்டறைவாசி (புனலூர்)

கறுப்பு வண்டிக்காரரே, நீங்கள் வாங்கியது பொருளை இல்லை, அந்த இரண்டு நாள் பாலிஷ் வேலையை. வண்டி கண்ணாடி மாதிரித் தெரிவதில் முக்கால் பங்கு அதனால்தான். கிளியரிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரானைச் சீவி எடுத்துத்தான் அந்தப் பளபளப்பு வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள். வருடா வருடம் சீவினால் ஐந்தாறு வருடத்தில் என்னிடம்தான் வருவீர்கள், எனக்குப் பிழைப்பு.

---

மார்த்தாண்டம் மச்சான்

எங்கள் பிரச்சினை வேறு. களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் ரோட்டில் ஜல்லி லாரி, எம்-சாண்ட் லாரி பின்னால் ஒரு மாதம் போய்ப் பாருங்கள். பானெட் விளிம்பில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக விழும். செராமிக் அதற்கு ஒன்றும் செய்யாது. நான் பிபிஎஃப், அதாவது பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம் ஒட்டினேன். அது பூச்சு இல்லை, படலம். யூரித்தேன் பிளாஸ்டிக், 150 முதல் 200 மைக்ரான், அதாவது வண்டியின் மொத்தப் பெயிண்டைவிடக் கனம். கல் பட்டால் அது வாங்கிக்கொள்ளும். மேலோட்டமாகக் கீறினால் மத்தியான வெயிலில் நிறுத்தினால் தானே மறைந்துவிடும், கண்ணால் பார்த்தேன்.

முழு வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டான், அவ்வளவு பைத்தியம் எனக்கு இல்லை. முன் பம்பர், பானெட், இரண்டு சைடு மிரர் மட்டும் ஒட்டினேன்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிய பையன் படலத்தை வண்டியின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டினான். ஒரு வருடம் கழித்து ஓரம் கொஞ்சம் தூக்கியது. பிரித்துப் பார்த்தால் பம்பர் ஓரம் முழுக்க பிளேடு போன தடம், நூல் பிடித்த மாதிரி நேராக. கேட்டால் "இது பழைய கீறல்" என்றான். ஒட்டுகிறவர்கள் கம்ப்யூட்டரில் முன்பே வெட்டிய படலம் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

---

புளியரைக்காரன் (செங்கோட்டை)

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. ஷோரூமில் மறுபடி பேசினேன். "ஐந்து வருட வாரண்டி சார், வெளியே யார் தருவாங்க?" என்கிறார். காக்கா எச்சம், போர் தண்ணீர்க் கறை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று வாயால் சொன்னார். இன்னொன்று, பேக்கேஜ் இல்லாமல் புக்கிங் 'சிஸ்டம் எடுக்காது' என்கிறார். இது உண்மையா?

---

குமுளி அக்கா

சிஸ்டம் எல்லாம் எடுக்கும் தம்பி. எடுக்காதது மேனேஜருக்கு.

வாரண்டி அட்டையை வாங்கிப் பின்பக்கம் படியுங்கள். என் தம்பி வண்டிக்குக் கொடுத்த அட்டை என் மேசையில் இருக்கிறது. வருடம் ஒருமுறை அதே இடத்தில் பணம் கட்டிப் பராமரிப்பு செய்யாவிட்டால் வாரண்டி ரத்து. பறவை எச்சம், மரப்பால், தண்ணீர்க் கறை, கல் அடி, கீறல் எதுவும் அடங்காது. மிச்சம் என்ன இருக்கிறது என்று நானும் தேடினேன். 'பளபளப்பு இழப்பு' என்று ஒன்று இருந்தது. பளபளப்பு போய்விட்டதா என்று தீர்மானிப்பதும் அவர்களே. போதாக்குறைக்கு அந்த வாரண்டி கார் கம்பெனி தருவதில்லை, பாட்டில் கம்பெனி தருவது.

சட்டம் கொஞ்சம் தெரியும் என்பதால் சொல்கிறேன். ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கு என்று நிபந்தனை போடுவது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்பாடான வணிக முறை. சண்டை போட வேண்டாம். "பேக்கேஜ் இல்லாமல் வண்டி தர முடியாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அனுப்ப மாட்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கினாலும் பரவாயில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பழைய சட்டத்தில் அந்த வசதி இல்லை. இன்சூரன்ஸும் அப்படியே, எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். விலைப்பட்டியலில் இன்சூரன்ஸ் என்று இருக்கும் வரியையும் ஒருமுறை பாருங்கள், கோட்டிங்கைவிடப் பெரிய தொகை அதில் ஒளிந்திருக்கும்.

---

ஆரியங்காவு டிரைவர்

நான் டாக்ஸி. வெள்ளை வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு, ஒரு கோட்டிங்கும் கிடையாது. வருடம் இரண்டு முறை, மழைக்கு முன்னால் ஒன்று, கார்த்திகை பிறக்குமுன் ஒன்று, கையால் வாக்ஸ். டப்பா 500, 600 ரூபாய். ஒரு டப்பா இரண்டு வருடம் வரும்.

என் பெயிண்டைக் கெடுத்தது மழை இல்லை, சாமிமார்கள்தான், சரணம் ஐயப்பா. சீசனில் பானெட்டில் மாலை கட்டுவார்கள். மாலையின் நார் காற்றில் ஆடி ஆடி ஒரே இடத்தில் உரசும், அறுபது கிலோமீட்டர் போனால் பிறை மாதிரித் தேய்ந்திருக்கும். அப்புறம் மஞ்சளும் குங்குமமும். மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம், நாலு நாள் வெயிலில் நின்றால் தானே வெளுத்துவிடும். குங்குமம்தான் ஆபத்து. அதைச் சிலர் ஈரத் துணியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தண்ணீரை ஊற்றி ஓடவிட வேண்டும், தேய்க்கக் கூடாது.

காக்கா எச்சமும் அப்படித்தான். ஈரத் துணியை அதன் மேல் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து எடுங்கள். மத்தியான வெயிலில் தகடு கொதிக்கும், கிளியர் கொஞ்சம் இளகியிருக்கும், சாயங்காலம் ஆறும்போது எச்சத்தின் தடம் அப்படியே பதிந்துவிடும். அதனால் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மாமரத்தடியை முடிந்தால் மாற்றுங்கள். மரத்தடியில் நிறுத்திவிட்டு மேலே பூசுவதற்கு 15,000 கொடுப்பதைவிட ஒரு தகரக் கொட்டகை போடலாம்.

---

பட்டறைவாசி (புனலூர்)

போர் தண்ணீர் விஷயத்தை விட்டுவிட்டேன். இங்கே எங்கள் கிணறு செம்பாறைத் தண்ணீர், உப்பு கிடையாது, சோப்பு நுரை போகவே போகாது. கணவாய் இறங்கிச் செங்கோட்டை, தென்காசி தாண்டினால் பல இடத்தில் போர் தண்ணீர் கடுத்துவிடும். கழுவிவிட்டு அப்படியே வெயிலில் காயவிட்டால் தண்ணீர் போகும், சுண்ணாம்பு நிற்கும். வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. செராமிக் போட்ட வண்டியில் தண்ணீர் முத்தாக நிற்பதால் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும், அதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. காலையில் நிழலில் கழுவி உடனே துடையுங்கள். புதுப் புள்ளியாக இருந்தால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தொட்டு எடுத்து உடனே அலசினால் போய்விடும்.

இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை வண்டியில் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புக்குப் போக வேண்டும். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம், இருக்கிற வாக்ஸையும் அது சுரண்டிவிடும்.

அடியில் கறுப்புக் கோட்டிங் 4,500 வேண்டாம். கம்பெனியிலேயே தேவையான இடத்தில் சீலர் அடித்துத்தான் வரும்.

---

மார்த்தாண்டம் மச்சான்

அதை அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் அண்ணாச்சி. என் அத்தான் குளச்சலில் மீன் எடுக்கிறார். டிக்கியில் ஐஸ் பெட்டி, உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி ஐந்து வருடத்தில் அடித்தகடு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

---

பட்டறைவாசி (புனலூர்)

மச்சான், அது உள்ளேயிருந்து பிடித்த துரு. வெளியே கறுப்பு அடித்தால் உள்ளே ஊறும் உப்பு நிற்குமா? கதவின் அடியிலும் கால்படிக்கு உள்ளேயும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவசரத்தில் ஸ்பிரே அடிப்பவன் அந்த ஓட்டையை அடைத்துவிடுவான். தண்ணீர் உள்ளேயே நிற்கும். நான் பிரித்த துருப்பிடித்த கதவுகளில் பாதிக்கு மேல் அப்படி அடைபட்டவை. கடற்கரை வண்டிக்கு உள்பொந்தில் மெழுகு அடிப்பது நல்லது, ஒத்துக்கொள்கிறேன். செங்கோட்டைக்கு எதற்கு?

---

புளியரைக்காரன் (செங்கோட்டை)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், வண்டி வந்துவிட்டது.

அக்கா சொன்னபடி வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். பதில் இல்லை, போன்தான் வந்தது. செராமிக்கும் சீட் ஸ்பிரேயும் ஐந்தே நிமிடத்தில் பட்டியலிலிருந்து போய்விட்டன. அடிக் கோட்டிங்கில் மட்டும் பிடிவாதம். "ஸ்டாக் வண்டி சார், ஏற்கெனவே அடிச்சாச்சு, எடுக்க முடியாது." சரி, காட்டுங்கள் என்றேன். போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். சைலன்ஸர் குழாய் மேலெல்லாம் கறுப்பு தெறித்திருந்தது. பட்டறை அண்ணாச்சி சொன்ன ஓட்டையைத் தேடினேன். இடது பின்கதவுக்குக் கீழே இரண்டில் ஒன்று தார் வைத்து அடைத்த மாதிரி மூடியிருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டியதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. யார்டில் கோட்டிங் அடிக்காத வேறு வண்டி இருந்தது. அதே நிறம், ஒரு மாதம் பிந்திய தயாரிப்பு. அதையே எடுத்துக்கொண்டேன். இன்சூரன்ஸும் வெளியே எடுத்தேன்.

பச்சைத் துணிக் கதையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதனால் "கழுவாமல் கொடுங்கள், நானே கழுவிக்கொள்கிறேன்" என்று எழுதியே கொடுத்துவிட்டேன். வாட்டர் சர்வீஸ் பையன் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தான். யார்டு புழுதியோடு, கதவில் யாரோ விரலால் எழுதிய நம்பரோடு, வண்டி வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் அப்படியே தட்டை இறக்கிவிட்டார்கள். "புது வண்டியா, யாராவது ஓட்டிட்டு வித்த வண்டியாடா?"

பின்பு இரண்டு வாளி வைத்து நிழலில் நானே கழுவினேன். பானெட்டிலும் முன் பம்பரிலும் மட்டும் அடுத்த மாதம் படலம் ஒட்டலாம் என்று இருக்கிறேன், தென்மலை இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் போவதால். மாமரத்தை வெட்டச் சொன்னால் அம்மா என்னை வெட்டுவார்கள், அதனால் கொட்டகைக்கு அளவெடுத்தாச்சு.

---

ஆரியங்காவு டிரைவர்

வாழ்த்துகள். சந்தனம் குங்குமம் எங்கே வைத்தீர்கள்?

---

புளியரைக்காரன் (செங்கோட்டை)

முன் கண்ணாடியில், அண்ணே. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.